தபால்பெட்டி வரைக்கும்தான் எல்லை

1

ஸ்காட்லாந்தில் குழந்தைக்குப் பிறந்தநாள் நடத்துவது, நம் ஊரில் ஒரு சின்னக் கல்யாணம் நடத்துவதற்குச் சமம். சமையல் கம்மி, திட்டம் ஜாஸ்தி. அழைப்பிதழ் அச்சடித்தே கடையில் கிடைக்கும். பெயர், நாள், இடம் எழுதியதும் கீழே ஒரு வரி காலியாக இருக்கும்: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. விருந்தாளி எப்போது வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பதை அழைக்கும்போதே எழுதிக் கொடுக்கிற தைரியம் எனக்கு இந்த ஊருக்கு வந்த பிறகும் வெகுநாள் வரவில்லை. முதல் வருஷம் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். குழந்தைகளை அழைத்துப்போக எப்போது வரவேண்டும் என்று கேட்டு அத்தனை அம்மாக்களும் வரிசையாக ஃபோன் செய்தார்கள். சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போகட்டுமே என்றேன். என் உபசாரம் அவர்களுக்குக் கவலையாகிவிட்டது.

என் பிறந்தநாள் எல்லாம் திருவண்ணாமலையில் வேறு மாதிரி. நட்சத்திரத்துக்குப் பெரிய கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், வகுப்பில் ஆரஞ்சு மிட்டாய். என் அப்பா ஏகாம்பரம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அன்று மட்டும் கடையிலேயே புதிய சைக்கிளை நாள் முழுக்க எனக்கு விட்டுவிடுவார். வாடகைக்குக் கேட்டு வருபவர்களிடம், “அது இன்னிக்கு புக் ஆயிடுச்சுங்க” என்பார். யார் புக் செய்தது என்று சொல்லமாட்டார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் என் மகள் கவிதாவுக்கு எட்டு வயது முடிந்தது. டண்டீ நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் அந்த விழா நடந்தது. அதில் நான் செய்த ஒரு காரியம் கையை மீறிப் போய், கடைசியில் ஒன்பது வருஷமாக என் அப்பாவோடு எனக்கிருந்த ஒரு வழக்கைத் தீர்த்துவைத்தது.

2

“இந்தத் தடவை கேக், விளையாட்டு மட்டும் போதாது. எல்லாரும் கையில் போட்டுக்கொள்ள ஏதாவது செய்ய வேண்டும்” என்றாள் கவிதா. அவள் பேசுவது ஆங்கிலத்தில். நான் உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். தமிழ் அவளுக்குப் புரியும். பேசச் சொன்னால் மட்டும் பல் வலிக்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

யாரோ ஒரு தோழி வீட்டில் நூலில் மணி கோத்துக் கைக்குப் பட்டை செய்தார்களாம். அதே மாதிரி வேண்டும், ஆனால் அதைவிட நன்றாக வேண்டும். சரி, இதென்ன பிரமாதம், நவராத்திரிக்குக் கொலு வைத்தவளுக்கு இது ஒரு வேலையா என்று கடைக்குப் போய்ப் பை நிறைய மணிகள் வாங்கிவந்தேன். வீட்டில் உட்கார்ந்து ஒன்று கோத்துப் பார்த்தால், நூல் தடிமன், மணியின் துளை சின்னது. ஊசி இல்லாமல் நுழையாது. ஏழெட்டுப் பெண் குழந்தைகள் கையில் ஆளுக்கொரு ஊசியைக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய அம்மாக்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. ரப்பர் நூல் வாங்கிப் பார்த்தேன். முடிச்சுப் போடும்போது அறுந்து மணிகள் அடுப்புக்குக் கீழே ஓடின. என் கணவர் நடராஜன் சணல் ஆலையில் இன்ஜினியர். நாள் முழுக்க நூலோடு பழகுகிறவர் ஒரு யோசனை சொல்வார் என்று பார்த்தால், “பேசாம ஆளுக்கொரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்துடு” என்றார். டண்டீயில் கண்ணாடி வளையலுக்கு நான் எங்கே போவேன்?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மணியே வேண்டாம். வெறும் நூலை முறுக்கி, மஞ்சள் தடவி, ஒரு மஞ்சள் துண்டு வைத்து முடிந்தால் தீர்ந்தது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கட்டுகிற காப்பு. ஊசி வேண்டாம், துளை வேண்டாம், எந்தக் கைக்கும் பொருந்தும். அம்மா அனுப்பிய மஞ்சள் கொம்பு டப்பா நிறைய இருந்தது. நாள்காட்டியைப் பார்த்தால் ஆடியும் பிறந்திருந்தது.

வேப்பிலைக்கு மட்டும் வழியில்லை. ஆனால் எங்கள் பின்கட்டுச் சுவரை ஒட்டி ஒரு மரம் இருக்கிறது. ரோவன் என்பார்கள். தூரத்தில் பார்த்தால் இலை அசல் வேப்பிலை. பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்டுவிட்டுத்தான் பறித்தேன். அந்த மரம் வீட்டருகே இருந்தால் தீயது எதுவும் அண்டாது என்று அவர்கள் ஊரிலும் சொல்வார்களாம். இத்தனை வருஷமாக அந்த மரத்துக்கு ஒரு கும்பிடு கூடப் போடாமல் இருந்துவிட்டேனே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

“மஞ்சக் கயிறா? ஏன்டி, பொண்ணுங்களுக்கெல்லாம் தாலி கட்டி அனுப்பப் போறியா?” என்றார் கணவர்.

“தாலி கழுத்துல கட்டறது. இது கையில. உங்களுக்கு ரெண்டுமே தெரியாது” என்றேன்.

3

ஒத்திகையாகக் கவிதாவுக்கு ஒன்று கட்டிக் காட்டினேன். எதற்காக இதைக் கட்டுவார்கள் என்று கேட்டாள். சொன்னேன். திருவிழா தொடங்கும் நாளில் தெருவில் ஒருவருக்குப் பூசாரி காப்புக் கட்டுவார். தெருவின் சார்பாக அவர்தான் பத்து நாளும் விரதம் இருப்பார். காப்பு கையில் இருக்கும்வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். தானே கழற்றக் கூடாது. அவிழ்த்ததை ஆற்றில் விட வேண்டும்.

“தாண்டினால்?”

“தாண்டமாட்டார்கள்.”

“வேலை இருந்தால்?”

“போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ராத்திரி ஊரில் தங்க வேண்டும், அவ்வளவுதான்.”

கடைசியில் சொன்னதை அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவளுடைய சிநேகிதி ஃபியோனாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு தெரு தள்ளி வீடு. பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டவர்கள். எங்கள் வீட்டில் அப்பளம் பொரிக்கும் சத்தம் அவள் வீட்டுக்குக் கேட்கும்போலிருக்கிறது. சரியாக வந்து நிற்பாள். கவிதாவுக்கு வேறு சிநேகிதிகள் உண்டு என்று பெயருக்குச் சொல்லலாம். உண்மையில் ஃபியோனா ஒருத்திதான். அந்த ஃபியோனாவின் அப்பாவுக்கு இங்கிலாந்தின் தென்கோடியில் வேலை மாறிவிட்டது. பிறந்தநாள் முடிந்த அடுத்த வாரம் குடும்பத்தோடு ரயிலேறப் போகிறார்கள். எங்கள் ஊரைவிட்டுத் தெற்கே போகும் ரயில், நிலையத்தை விட்டதும் ஆற்றின் மேல் ஒரு நீளமான பாலத்தில் போகும். பாலத்தைத் தாண்டினால் வேறு ஊர்.

இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து கவிதா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கிளறவில்லை.

4

நான் ஊரைவிட்டுக் கிளம்பியதும் ஓர் ஆடியில்தான்.

வைகாசியில் கல்யாணம். ஆடிக்குப் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துவருவதுதானே வழக்கம்? எனக்கு அந்த ஆடியில் விமான டிக்கெட். அவர் வேலையில் சேர வேண்டிய நாளும், பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையும் ஆடி ஆவணி பார்க்கவில்லை. “ஆடியில புதுப்பொண்ணு புருஷன் கூட கப்பலேறுவாளாடி?” என்று அம்மா மாய்ந்துபோனாள். விமானம்மா என்றேன். “எதுவா இருந்தா இன்னா?” என்றாள்.

வேலூரில் அவருடைய அண்ணன் வீட்டில் பகல் சாப்பாடு, அங்கிருந்து காட்பாடி போய் ரயிலில் சென்னை, மறுநாள் மீனம்பாக்கம். அம்மாவும் மாமாவும் விமான நிலையம் வரைக்கும் வருவதாக ஏற்பாடு. அப்பாவும் வருகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் தெருவுக்காகக் காப்புக் கட்டிக்கொள்ளும் முறை, பால்கார கோவிந்தசாமி வீட்டினுடையது. கொடியேற்றத்தன்று சாயந்திரம் அப்பா கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் வந்தார். கையில் மஞ்சள் காப்பு. கோவிந்தசாமியிடம் தானே போய்க் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாராம். நான் கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது.

“அப்ப மெட்ராசுக்கு யார் வர்றது?” என்றேன்.

“அம்மா வருது, மாமா வர்றாரு. காப்பு கட்டிக்கினு நான் எப்படிம்மா எல்லை தாண்டறது?”

“மெட்ராசுக்கு வேணாம்பா. வேலூர் வரைக்கும் வாங்க. சாயந்திரம் பஸ் ஏறுனா இருட்டறதுக்குள்ள திரும்பிடலாமே. போன வருஷம் காப்பு கட்டிக்கினு மணி அண்ணன் சந்தைக்குப் போய்ட்டு வரலியா?”

“பஸ்ஸ நம்ப முடியுமா? எங்கயாவது பஞ்சர் ஆகி நின்னுட்டா?” என்றார், ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிறவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே பெண். கடல் தாண்டிப் போகிறேன். திரும்ப எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது. யாரோ கட்டிக்கொள்ள வேண்டிய காப்பை வலியப்போய்க் கட்டிக்கொண்டு, அதற்கு இல்லாத சட்டமும் போடுகிறார். அம்மனுக்குச் செய்வதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மன் இவரைக் கேட்டாளா?

கிளம்புகிற காலையில் பஸ் நிலையத்துக்குக் கூட அவர் வரவில்லை. வேலூர் பஸ் ஊரைத் தாண்டி வேங்கிக்கால் ஏரிக்கரையை நெருங்கும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அப்பாவைத் தெரியாத டிரைவர் அந்த ஊரில் கிடையாது. கரையோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். அதுதான் எங்கள் எல்லை. பஸ் நிற்க, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். “கைய வெளிய நீட்டாம உட்காரு. எதிர்ல லாரி வரும்” என்றார். அவர் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் என் கை வெளியே இருந்தது.

பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். கையசைப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழலாத செயின். ஒழுங்காக மிதித்து வந்த சைக்கிள். பெண் கண்ணுக்கு மறையும் நேரத்தில் இந்த மனிதருக்குச் செயின் பெரிதாகப் போயிற்றே என்று வேலூர் வரும்வரை அழுதேன். என் மணிக்கட்டில் அவர் காப்பின் மஞ்சள் ஒட்டியிருந்தது. மீனம்பாக்கத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கும்போதும் அது இருந்தது.

கவிதாவுக்கு மூன்று வயதாகும்போது ஒருமுறை ஊருக்குப் போனேன். பேத்தியைத் தோளைவிட்டு இறக்காமல் ஒரு மாதம் சுற்றினார். நாங்கள் திரும்பும் நாளில், கடைக்கு டியூப் லோடு வருகிறது என்று விடியற்காலையிலேயே போய்விட்டார். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அம்மாவோடு பேசும்போதெல்லாம், “அவருக்கென்ன, அம்மன் இருக்குது, டியூப் இருக்குது” என்று குத்திக்காட்டாமல் விட்டதில்லை.

5

விழாவுக்கு வருவோம்.

அழைத்திருந்த அம்மாக்களில் ஒருத்தி, என்ன விளையாட்டு வைத்திருக்கிறாய் என்று முதல் நாள் ஃபோனில் கேட்டாள். குழந்தைகளை எல்லாம் கட்டப் போகிறோம் என்று என் ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். எதை வைத்துக் கட்டுவீர்கள் என்றாள். கையில் கயிறு என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

குழந்தைகள் வந்தார்கள். அத்தனை பேரும் விழாவுக்கென்றே வெளிர் நிறத்தில், வெள்ளையில், லேஸ் வைத்த கவுன்கள். நான் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து மேஜை நடுவில் வைத்தேன். நம் ஊரில் பிறந்த யாருக்கும் மஞ்சள் துணியில் பட்டால் கவலையில்லை. புதுத்துணி என்றால் நாமே ஒரு ஓரத்தில் தொட்டுத்தான் வைப்போம். அதே கண்ணோடுதான் நான் அந்தக் கிண்ணத்தை வைத்தேன். கால்மணி நேரத்தில் கிண்ணம் மேஜைவிரிப்பில் இருந்தது, விரிப்பு குழந்தைகளின் மடியில் இருந்தது. ஐந்து மணிக்கு வந்த அம்மாக்கள் வாசலில் நின்று தங்கள் பெண்களைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். துவைத்தால் போய்விடுமா என்று கேட்டார்கள். போகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் குழந்தைகளுக்குப் பிடித்துவிட்டது. நூலை முறுக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ள, மற்றவள் மறுமுனையை உருட்டினாள். மஞ்சள் துண்டை நடுவில் வைத்து, மரத்தின் இலையைச் செருகி முடிந்தார்கள். தனக்குத்தானே கட்டிக்கொள்ள முடியாது, ஒருவருக்கொருவர்தான் கட்ட வேண்டும் என்றதும் சத்தம் கூரையைப் பிளந்தது.

கவிதா ஃபியோனாவுக்குக் கட்டினாள். மற்றவர்கள் ஒரு முடிச்சுப் போட்டால் இவள் மேலே மேலே போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து நின்று, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“இனி நான் அவிழ்க்கும்வரை நீ பாலத்தைத் தாண்டக் கூடாது.”

ஃபியோனா தலையாட்டினாள். கேக் வெட்டலாம் வாருங்கள் என்றேன்.

6

இரண்டு நாள் கழித்து ஃபியோனாவின் அம்மா ஜீன் ஃபோன் செய்தாள். நல்ல பெண், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்று குரல் உடைந்திருந்தது. வீட்டுச் சாமான் எல்லாம் பெட்டியில். குழந்தை தன் உடுப்பைப் பெட்டியில் வைக்க விடவில்லை. குளிக்கும்போது கயிற்றை வெட்டலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தால் அலறுகிறாள். ஆற்றைத் தாண்டினால் ஏதோ கெட்டது நடக்கும் என்கிறாள். “அவளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்றாள் ஜீன்.

என்ன சொன்னேன்? திருவண்ணாமலையில் ஒரு தெரு, அந்தத் தெருவில் ஓர் அம்மன் என்று ஆரம்பித்தால் எங்கே முடிப்பது? மன்னித்துக்கொள், கவிதாவை அழைத்துவருகிறேன் என்றேன்.

கவிதாவை உட்காரவைத்துப் பேசினேன். கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும், நீ அவிழ்க்காவிட்டால் ஃபியோனா பயந்துகொண்டேதான் ரயிலேறுவாள் என்றேன். “பயந்தால் ஏறமாட்டாள்” என்றாள். “ஏற்றிவிடுவார்கள் கண்ணு. குழந்தையைக் கேட்டா பெரியவங்க ஊர் மாத்தறாங்க?” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஃபியோனா வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் பட்டு முடிச்சு இறுகியிருந்தது. கவிதா பல்லால் கடித்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நேரம் பிடித்தது. ஜீனும் நானும் வாசற்படியில் நின்றோம். அவிழ்த்து முடித்ததும் ஃபியோனா, “இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டாள். “கூடாது. ஆற்றில் விட வேண்டும்” என்றாள் கவிதா. நான் சொல்லிக்கொடுத்த சட்டம்தான்.

ஆனால் அவள் அதை ஆற்றில் விடவில்லை. மறுநாள் காலை அது அவள் கையில் இருந்தது. தன் அப்பாவைக் கெஞ்சிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

7

அவர்கள் கிளம்பும் நாள் வந்தது. நிலையத்துக்குப் போய் வழியனுப்புவதாகப் பேச்சு. நான் கோட்டை மாட்டிக்கொண்டு கூப்பிட்டால், கவிதா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“நான் வர முடியாது. காப்பு கட்டியிருக்கிறேன்.”

“ரயில் நிலையம் பாலத்துக்கு இந்தப் பக்கம்தானே இருக்கு? எல்லை பாலம்னு நீதானே சொன்னே?”

கொஞ்சம் யோசித்தாள். “அது ஃபியோனாவுக்கு. எனக்கு எல்லை வேறே.”

“எதுவரைக்கும்?”

“தெருக்கோடித் தபால்பெட்டி வரைக்கும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே அந்தக் குழந்தை இவளைத் தேடிக்கொண்டிருக்கும். இன்று பார்க்காவிட்டால் இனி எப்போது பார்க்கப் போகிறாள்? பெற்றவள் அதட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டிய நேரம். “இருட்டறதுக்குள்ள திரும்பிட்டா தப்பில்லைன்னு அன்னிக்கே சொன்னேனே. இதோ போனோம், வந்தோம்…” என்று ஆரம்பித்தேன்.

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. இதே வாக்கியத்தை நான் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி ஒரு முகம் அதைக் கேட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தது.

இந்த நாட்டுக் காகிதம் எதிலும் என் அப்பா இல்லை. கல்யாணத்துக்கு முன் என் பெயருக்கு முன்னால் அவர் பெயரின் எழுத்து நின்றது. இங்கே வந்ததும் குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்டது; கணவர் தன் அப்பா பெயரை எழுதினார்; அன்றிலிருந்து நான் திருமதி துரைசாமி, கவிதாவும் துரைசாமி. ஏகாம்பரத்துக்கு எங்கேயும் ஒரு கட்டம் கிடையாது. அந்த ஏகாம்பரம் இப்போது என் வீட்டு மாடிப்படியில், எட்டு வயதில், ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் கோட்டைக் கழற்றினேன். ஜீனுக்கு ஃபோன் செய்து, டாக்சி எங்கள் தெருமுனை வழியாக வர முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் வருகிறோம் என்றாள். அவளும் ஓர் அம்மாதானே.

கவிதா தபால்பெட்டியை ஒரு கையால் தொட்டுக்கொண்டு நின்றாள். சிவப்புப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் கூடப் போகாமல் கால்களைச் சேர்த்து வைத்திருந்தாள். டாக்சி வந்து நின்றது. ஃபியோனா ஜன்னலை இறக்கிக் கையை நீட்டினாள். பிறந்தநாளுக்குப் போட்ட அதே கவுன்தான் போட்டிருந்தாள், மடியில் மஞ்சள் கறையோடு.

“அம்மா மூன்று தடவை துவைத்துப் பார்த்தாள்” என்றாள் ஃபியோனா.

“அது போகாது” என்றாள் கவிதா.

“நல்லது” என்றாள் ஃபியோனா.

அவ்வளவுதான் பேச்சு. கையை மட்டும் விடவில்லை. டிரைவர் ரயிலுக்கு நேரமாகிறது என்றார். வண்டி நகர்ந்து திரும்பும்போது ஃபியோனா பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நான் கையசைத்தேன். கவிதா அசைக்கவில்லை. குனிந்து தன் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாடா அவிழவே இல்லை. நன்றாக இறுகித்தான் இருந்தது. வண்டிச் சத்தம் தேய்ந்து நிற்கும்வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. நான் தூக்கிக்கொண்டேன். எட்டு வயசுப் பெண்ணைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

8

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஃபோன் போட்டேன். வீட்டில் ஃபோன் கிடையாது. அப்பா கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில்தான் பேசுவது. நம் ஊர் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டர் பெண், நாங்கள் பேசி முடிக்கும்வரை லைனிலேயே இருப்பார். மழை, விலைவாசி, அம்மாவின் முட்டிவலி எல்லாம் ஆனது. தெருவில் அன்றைக்குத்தான் கொடியேற்றமாம்.

“இந்த வருஷம் யாருப்பா காப்பு?”

“நம்ம கோவிந்தசாமி பையன்.”

“அப்பா, ஒண்ணு கேக்கறேன். நான் வந்த வருஷம் நீங்க வேணும்னேதானே காப்பு கட்டிக்கினீங்க? வேலூர் வரைக்கும் வரக் கூடாதுன்னுதானே?”

“அலோ, அலோ, லைன் சரியா கேக்கலம்மா” என்றார்.

“லைன் நல்லா க்ளியரா இருக்குது சார். பேசுங்க” என்றார் ஆபரேட்டர் பெண்.

அப்பா தொண்டையைச் செருமினார். எனக்கு அவர் நிற்கிற இடம் தெரியும். மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்துக்கொண்டு.

“வர்றதுக்கு இன்னாம்மா, வந்துடலாம்” என்றார். “திரும்பி வர்றப்ப பஸ்ஸுல பக்கத்து சீட்டு காலியா இருக்குமே. அத்த பாத்துக்கினு நான் எப்படிம்மா ஊர் வந்து சேர்றது?”

நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கவிதா பின்கட்டில், அந்த மரத்தடியில், தனியாகப் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் காப்பு இன்னும் இருந்தது.

“அம்மாடி, இருக்கியா? கேக்குதா?” என்றார் அப்பா.

“லைன் சரியா கேக்கலப்பா” என்றேன்.

இந்த முறை ஆபரேட்டர் பெண் ஒன்றும் சொல்லவில்லை.